முகவரியற்ற வீடும் கம்பியற்ற வலையும்: மலையகத் தொடர்பாடல் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

இலங்கையின் மலையகத் தமிழ் மக்களுடைய இலக்கியம், தொழிற்சங்க இயக்கம், குடியுரிமைப் பிரச்சினை ஆகியன பற்றிக் கணிசமான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆயினும், அம்மக்கள் தோட்டத்துக்கு வெளியேயுள்ள உலகுடன் எவ்வாறு தொடர்பு கொண்டனர், அத்தொடர்பு எவர் கையினூடாகச் சென்றது என்னும் வினாக்கள் தனித்து நோக்கப்பட்டமை குறைவே. இன்று ரவுட்டர் எனும் சிறு பெட்டியொன்றை வாங்கி, கைத்தொலைபேசி, தொலைக்காட்சி, பிள்ளையின் மடிக்கணினி ஆகியவற்றைக் கம்பியின்றி அதனோடு இணைத்துக்கொள்வது நகரத்தவருக்கு அரைமணி நேர வேலை. அப்பெட்டியை ஆக்கியோர் மனத்திற் கொண்டிருந்த வீடு, தனிச் சுவர்களும், குடியிருப்பவர் பெயரில் மின்மானியும், தபாற்காரர் அறிந்த இலக்கமும் உடையது. ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் லயங்களில் இம்மூன்றும் பல தலைமுறைகளாக மறுக்கப்பட்டு வந்தன. அவ்வாறாயின், வீடு என ஏற்றுக்கொள்ளப்படாத ஓரிடத்தில் வீட்டு வலையமைப்பு என்பதன் பொருள் யாது?

இக்கட்டுரையில் அவ்வினாவை வரலாற்று நிலைநின்று நோக்க முனைகிறோம். தொடர்புச் சாதனம் ஒவ்வொன்றும் தோட்டத்துரையின் பங்களாவுக்கும் கந்தோருக்கும் விரைவாகவே வந்து சேர்ந்தது. கந்தோரிலிருந்து லயத்துக்குள்ள சில நூறு யார் தூரத்தைக் கடக்கவே நெடுங்காலம் பிடித்தது. அத்தூரத்தை நிருணயித்தவை மலைகள் மட்டுமல்ல. உற்பத்தி உறவுகளே அதனைப் பெரிதும் நிருணயித்தன என்பது எமது கருத்து.

1. கழுத்திலே தொங்கிய முகவரி

பெருந்தோட்டம் என்பது வெறும் விளைநிலமன்று. தொழிலாளியின் உழைப்பை மட்டுமன்றி, அவரது உறைவிடம், உணவு, போக்குவரத்து, கடன் ஆகியவற்றையும் ஒரே நிருவாகத்தின்கீழ் வைத்திருந்த மூடிய சமூக அமைப்பு அது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, கோப்பிக் காலத்திலே உருவாகியிருந்த இவ்வமைப்பு அவருக்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. கோப்பி நோயினால் அழிந்து தேயிலை பரவியபோது உழைப்பு ஆண்டு முழுவதும் தேவைப்பட்டது. பருவந்தோறும் வந்து திரும்பியோர் லயங்களில் நிரந்தரமாகத் தங்கினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரவில்லை முறையினை இங்கு நினைவுகூர்தல் தகும். தமிழகத்திலிருந்து தருவிக்கப்பட்ட தொழிலாளிக்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதனை அணிந்தவர் வழிநெடுகச் செலவின்றி அனுப்பப்பட்டார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, ஈற்றில் அவரது கடனாயிற்று. ஒரு பொதியின்மீது ஒட்டப்படும் முகவரிச் சீட்டிலிருந்து இது பெரிதும் வேறுபடவில்லை. மலையகத் தொழிலாளிக்கு முகவரி ஒன்று முதன்முதலாக வழங்கப்பட்டது அவர் கடிதம் பெறுவதற்காகவன்று, அவரே ஒப்படைக்கப்படுவதற்காக.

இதனோடு இணைத்து நோக்கத்தக்கது 'துண்டு' முறை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விழையும் தொழிலாளியின் கடன்தொகையைக் குறித்துக் கொடுக்கப்பட்ட இச்சீட்டு இல்லாவிடின் அவரை வேறு தோட்டம் ஏற்றுக்கொள்ளாது. 1921இல் இம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. எனினும் தொழிலாளி பற்றிய ஆவணம் தொழிலாளியிடம் இராமல் கந்தோரில் இருப்பது என்னும் வழக்கம் ஒழியவில்லை. செக்ரோலில் அவருக்கொரு பெயரும் இலக்கமும் இருந்தன. வெளியுலகுக்கோ அவர் இன்ன தோட்டத்து ஆள் என்பதே அடையாளம்.

2. தந்தியும் தப்பும் தபாற்பையும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலவிற்பனை தொடங்கியது. பாதையும் தந்தியும் தேயிலைப் பெட்டியைத் துறைமுகத்துக்கும், சந்தை நிலவரத்தைத் துரைமாருக்கும் கொண்டு சென்றன. இலண்டன் சந்தையில் விலை வீழ்ந்த செய்தி விரைந்து எட்டிய அதே தோட்டத்தில், லயத்துத் தொழிலாளியை விடியுமுன் எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்த சாதனம் தப்பு. இவற்றுள் ஒன்று நவீனம், மற்றொன்று பழைமை என்று பிரித்துவிடுதல் போதாது. ஒரே மூலதனத்தின் தேவைக்காக இரண்டும் ஒருங்கே இயங்கின.

தப்பின் வரலாறு அத்துடன் முடிவதுமில்லை. பெரட்டுக்கு அழைத்த அதே தப்பே காமன்கூத்திலும் திருவிழாவிலும் சாவீட்டிலும் ஒலித்தது. கட்டளையின் கருவியாக அமைந்ததை மக்கள் தமது கூட்டுவாழ்வின் கருவியாகவும் கையாண்டனர். இந்த இரட்டைத்தன்மை பின்வந்த சாதனங்களிலும் தொடர்வதைக் காண்போம்.

எழுத்துவழித் தொடர்பின் நிலை மேலும் கவனத்துக்குரியது. லயக் காம்பிராவுக்குத் தனி முகவரி கிடையாது. பெயர், மேற்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, தோட்டம், தபாற்கந்தோர் என்றவாறே கடிதத்தின் மேலுறை எழுதப்பட்டது. கடிதம் தபாற்பையில் தோட்டக் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்து கணக்கப்பிள்ளை, கங்காணி போன்றோர் வழியாக லயத்தை அடைந்தது. சில வேளைகளில் அடையாமலே போயிற்று. எழுத்தறியாதோர் அதனை மற்றொருவரைக் கொண்டு வாசித்தறிய வேண்டியிருந்தது. ஒருவரின் அந்தரங்கச் செய்தி அவரை எட்டுமுன் மேலாண்மையின் படிநிலை முழுவதையும் கடந்து வந்தது எனலாம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் வங்கி அறிவித்தலும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் காலங்கடந்து கிடைக்கப்பெற்ற அனுபவத்தை மலையகத்தில் எவரும் புதிதாகக் கேட்பதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் நிறைவேறிய இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் இடையறாத வதிவினை ஆவணங்கொண்டு நிறுவ வேண்டியவராயினர். தமக்கென ஆவணமோ முகவரியோ இல்லாதவர் எங்ஙனம் நிறுவுவது? கந்தோரிலிருந்த ஏடுகளையே அவர்கள் பெரிதும் நம்பியிருக்க நேர்ந்தது. முகவரிப் பிரச்சினை வெறும் தபாற் பிரச்சினையாக இராமல் குடியுரிமைப் பிரச்சினையின் ஓர் அங்கமாகவே இருந்து வந்துள்ளமையை இது காட்டும்.

இம்மூடிய அமைப்பினுள் வெளியாரின் குரல் புகுவதும் எளிதாக இருக்கவில்லை. தோட்ட நிலம் தனியார் நிலம். அனுமதியின்றி நுழைவது அத்துமீறல். தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசையர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்தார் என்பது அவரது வரலாற்றை எழுதியோர் தரும் செய்தி. அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டைத் தொடர்புச் சாதனமாகக் கொண்டனர். எழுத்தறியாதோர் நிறைந்த சமூகத்தில், கைக்கு எட்டாத பிரசுரம் செவிக்கு எட்டும் பாட்டாக மாறியது. இலக்கிய வடிவத்தைச் சமூகத் தேவை தேர்ந்தெடுத்தமைக்கு இது தக்க சான்று.

3. வாயிலைக் கடந்த ஒலியும் லயத்தைக் கடந்துசென்ற ஒளியும்

தோட்ட வாயிலில் அனுமதி கேளாமல் உட்புகுந்த முதற் சாதனம் வானொலி. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925இல் முறையாகத் தொடங்கியது. 1949இல் ரேடியோ சிலோன் என்னும் பெயர் பெற்றது. தொடக்க காலத்து வானொலிப் பெட்டி பங்களாவின் விருந்தறைக்குரிய பொருள். அதனை லயத்துக்குக் கொணர்ந்தது திரான்சிஸ்டர். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான இச்சிறு உறுப்பு, 1950களின் நடுப்பகுதியிலிருந்து, கையில் ஏந்தத்தக்க வானொலியைச் சாத்தியமாக்கிற்று. மின்சாரமில்லாத லயத்தில் உலர்ந்த பற்றறிகளைக்கொண்டு அது பாடியது. இஸ்தோப்பில் வைக்கப்பட்ட ஒரு வானொலி அந்த லயம் முழுவதற்கும் உரியதாயிற்று. கேட்பதற்கு முகவரி தேவைப்படவில்லை என்பதே அதன் சிறப்பு. மறுமொழி கூற இயலவில்லை என்பது அதன் குறைபாடு.

வானொலியை வெறும் விநியோகக் கருவி என்ற நிலையிலிருந்து மாற்றி, கேட்போரும் பேசக்கூடிய தொடர்புக் கருவியாக்குதல் வேண்டுமென 1932இல் ஜேர்மானிய நாடகாசிரியர் பேர்தோல்ட் பிரெக்ட் வாதிட்டார். அவரது கருத்து ஐரோப்பிய நகரத் தொழிலாளரை முன்னிறுத்தியது. லயத்து நிலைமைக்கு அது மேலும் பொருந்தும்.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் சரிபாதியாகத் தீர்க்கப்பட்டது. எண்களாக எழுதப்பட்ட இப்பங்கீடு நடைமுறையில் ஒரே லயத்தை, ஒரே குடும்பத்தைப் பிளந்தது. நீலகிரியில் குடியேறிய அண்ணனுக்கும் மஸ்கெலியாவில் தங்கிவிட்ட தங்கைக்கும் இடையே கடிதமொன்றே பாலம். அங்கு அனுப்பப்பட்டோரின் இருப்பிடமும் அடிக்கடி மாறியமையால் பல குடும்பங்கள் ஒன்றையொன்று தொலைத்தன. முகவரியின்மை இரு கரைகளிலும் நீடித்தது.

மின்சாரத்தின் கதை வேறொரு முரண்பாட்டை வெளிப்படுத்துகிறது. டி. ஜே. விமலசுரேந்திரவின் கனவாகிய லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும், நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன் ஆகிய இடங்களின் நிலையங்களும் தேயிலை மலைகளின் நடுவிலே எழுந்தன. 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாற்று ஆற்றலுள்ள மேல்கொத்மலைத் திட்டம் தொழிற்படத் தொடங்கியது. உயரழுத்த மின்கம்பிகள் லயங்களின் மேலாகக் கொழும்புக்குச் சென்றன. கீழே நெடுங்காலம் குப்பிவிளக்கே எரிந்தது. தேயிலைத் தொழிற்சாலை மின்னொளி பெற்று நெடுங்காலத்தின் பின்னரே அதன் தொழிலாளரது காம்பிராக்கள் அதனைப் பெற்றன. காணியுறுதி இல்லாத குடியிருப்பாளர் மின்னிணைப்புப் பெற நிருவாகத்தின் ஒப்புதலை நாட வேண்டியிருந்தது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர், லயத்துக்கு வந்த தொலைக்காட்சி பலவிடத்தும் மோட்டார்ப் பற்றறியில் இயங்கிற்று. பற்றறியை மின்னூட்டுவதற்கு நகரத்துக்குத் தோளிற் சுமந்து சென்றனர். தமது மலையிலே பிறந்த மின்சாரத்தை நகரத்திலிருந்து விலைக்கு வாங்கிவந்தனர் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

4. கம்பியின் எல்லை

தொலைபேசிக் கம்பி பிரதான வீதியையும் நகரையும் பின்பற்றிச் செல்வது. தோட்டத்துள் அது பங்களா, கந்தோர், தொழிற்சாலை, வைத்தியசாலை ஆகியவற்றோடு நின்றது. இரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்காக லொறி வேண்டுமெனில் எவரேனும் மலையிறங்கிச் சென்று கந்தோரையோ பங்களாவையோ தட்டியாக வேண்டும். தொடர்பின் விலையை இத்தகைய இரவுகளைக்கொண்டே அளக்க வேண்டும்.

இந்நிலையை மாற்றியதும் கம்பியின்மையே. 2000களின் நடுப்பகுதியில் பரவிய சிடிஎம்ஏ தொலைபேசி, கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசியாக அலுமாரியின் மேல் இடம்பிடித்தது. கைத்தொலைபேசி இலங்கைக்கு 1989இலேயே வந்திருப்பினும், முற்பணம் செலுத்திப் பேசும் சிம் அட்டையும் மலிவுக் கருவியும் பரவிய பின்னரே அது தொழிலாளியின் சட்டைப்பையை அடைந்தது. 2006இல் மூன்றாம் தலைமுறை வலையமைப்பும் 2013இல் நான்காம் தலைமுறை வலையமைப்பும் இந்நாட்டில் வர்த்தக அடிப்படையில் தொடங்கின. மலையகத்தவருக்குத் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமலே அடையத்தக்க முதல் தனிமுகவரி, பத்து இலக்கங்கொண்ட கைத்தொலைபேசி எண் என்றால் அது மிகையாகாது. கணக்கப்பிள்ளையின் கையில் படாத முதற் கடிதமும் கைத்தொலைபேசியின் குறுஞ்செய்தியே.

இவ்விடத்துத் தொழில்நுட்பத்தைத் தனித்து நின்று விடுதலை தரும் சக்தியாகக் கருதும் மயக்கத்தைத் தவிர்த்தல் வேண்டும். வானலை தோட்ட எல்லையை மதிப்பதில்லை. ஆயின் வானலையைப் பரப்பும் கோபுரம் இலாபக் கணக்கை மதிக்கிறது. மலைச்சரிவுகள் அலையை மறைக்கின்றன. ஒரு கோபுரத்தின் பார்வைக்கு மறைவான பள்ளத்தில் அமைந்த லயத்துக்கென இன்னொரு கோபுரம் எழுப்புவது வருவாய் தராது. நகரம், கிராமம், தோட்டம் என நாட்டை மூன்றாகப் பிரித்து அரச புள்ளிவிபரங்கள் வெளியிடும் கணினி அறிவு மதிப்பீடுகளில் தோட்டம் தொடர்ந்து கடைசியில் நிற்பதற்கு மலையின் உயரத்தைக் காரணங்காட்ட இயலாது. அதே உயரத்தில் உள்ள நுவரெலியாவின் உல்லாச விடுதிகள் யாவும் இணையம் பெற்றுள்ளன.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த முரண்பாடு பிள்ளைகளின் மேல் விழுந்தது. பாடம் வாட்சப்பிலும் சூமிலும் நடந்தது. அலை கிடைக்கும் பாறையையும் மேட்டையும் தேடிப் பிள்ளைகள் ஏறினர். குடும்பத்துக்கு ஒன்றாகவிருந்த தொடுதிரைத் தொலைபேசியை மூன்று வகுப்புப் பிள்ளைகள் பங்கிட்டனர். அடுத்த ஆண்டு நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிருணயிக்கப்பட்டதே நீண்ட போராட்டத்தின் பின்னர்தான். அச்சம்பளத்திலிருந்து டேட்டாவுக்கு ரீலோட் செய்ய வேண்டியிருந்தது. மாதாந்தக் கட்டணம் செலுத்தும் நகரத்தவரைவிட, சிறு சிறு அட்டைகளாக வாங்கும் ஏழை ஓர் அலகுக்குக் கூடுதல் விலை செலுத்துவது சில்லறைக் கடையின் பழைய நியதி. அது இணையத்துக்கும் பொருந்தியது.

5. லயத்தில் வலை

வைஃபை எனப்படும் குறுந்தூர வானலைத் தொடர்புக்கான முதற் தரம் 1997இல் வெளியிடப்பட்டது. ரவுட்டர் வெளியிலிருந்து வரும் ஒற்றை இணைப்பைப் பெற்று, அருகிலுள்ள பல கருவிகளுக்குப் பகிர்கிறது. அது பொதுவாக இரு அதிர்வெண்களில் இயங்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை வேகத்திற் குறைந்தது. ஆயினும் சுவரை ஓரளவு ஊடுருவிச் செல்லும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது. சுவரில் விரைந்து நலியும். மலிவான தொலைபேசிகள் பலவும் முன்னையதை மட்டுமே அறியும். ஆகவே ஒரே பெட்டியின் முன்னிலையிலும் விலையுயர்ந்த கருவிக்கு ஒரு வேகம், மலிவான கருவிக்கு வேறொரு வேகம் என்றாகிறது.

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் பழைய லயமொன்றில் நாம் கண்ட அமைப்பை இங்கு விவரித்தல் பொருத்தமாகும். கருங்கற் சுவரும் தகரக் கூரையும் அலையைத் தடுப்பவை. ஆதலால் சிம் அட்டை பொருத்திய ரவுட்டரை உள்ளே வையாது, கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய யன்னலில், பலகை அடித்து வைத்திருந்தனர். காம்பிராக்களுக்கு இடையிலான சுவர்கள் கூரையை முட்டவில்லை. குசினிப் புகையும் பேச்சொலியும் எவ்வழியாக அடுத்த காம்பிராவுக்குச் செல்லுமோ அவ்வழியாகவே அலையும் சென்றது. மூன்று குடும்பங்கள் கட்டணத்தைப் பகிர்ந்தன. ஐந்து தொலைபேசிகள், ஒரு தொலைக்காட்சி, உயர்தரம் படிக்கும் மாணவியொருத்தியின் பழைய மடிக்கணினி என ஏழு கருவிகள் இணைந்திருந்தன. கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் ஆங்கில எழுத்துகளில் இருந்தது. அதனை ஒவ்வொரு கருவியிலும் பதிந்து கொடுத்தவள் அம்மாணவியே. இது எவருடைய வைஃபை என்று வினவினோம். “பெட்டி அவுங்க வீட்டுது சார், கரண்டு எங்க வீட்டுது, காசு மூணு வீட்டுது” என்றார் ஒரு தாய்.

இவ்விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. நவீன தொழில்நுட்பம் மனிதரை ஒருபுறம் இயங்க வைத்து, மறுபுறம் தனிவீட்டுக்குள் ஒதுக்குகிறது என்று 1974இல் வெளியான தொலைக்காட்சி பற்றிய நூலில் றேமண்ட் வில்லியம்ஸ் விளக்கினார். லயத்தில் நடைபெற்றதோ இதன் மறுதலை. தனிவீட்டுக்கென வார்க்கப்பட்ட கருவி, தனிவீடு மறுக்கப்பட்ட சூழலில் கூட்டுச் சாதனமாயிற்று. இதனை ஒரு பண்பாட்டு மேன்மையாக மட்டும் போற்றிவிடுதல் தவறாகும். வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் தாய் தன் மகளோடு திரையில் பேசுகையில், அப்பேச்சு மூன்று காம்பிராக்களுக்கும் கேட்கிறது. அழுவதற்கான தனிமை அங்கு இல்லை. பகிர்வு இவர்கள் விரும்பித் தேர்ந்தது என்பதிலும் பார்க்க, நெருக்கடியில் கண்டெடுத்த வழி என்பதே பொருந்தும்.

இவ்வலையமைப்பின் உள்ளியக்கம் எமது வரலாற்றுக்கு எதிர்பாராத ஓர் ஒப்புமையைத் தருகிறது. ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரியை வழங்குகிறது. அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். அம்முகவரி அவ்வலைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியுலகுக்கு உள்ளேயுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே முகவரியாகத் தோற்றமளிக்கின்றன. இணையத்தின் பழைய முகவரி முறை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளையே தரவல்லது. உலகின் கருவிகளுக்கு அவை போதாமற் போனமையால் இவ்வேற்பாடு பரவியது. மேலும், கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக இணைவோருக்கு அந்த வெளிமுகவரிகூடப் பெரும்பாலும் தமக்கே உரியதாக இருப்பதில்லை. பல வாடிக்கையாளரை ஒரு முகவரியின் பின்னால் நிறுத்துவது சேவை வழங்குவோரின் வழக்கம்.

உள்ளே இலக்கம், வெளியே ஒரே முகவரி என்னும் இவ்வமைப்பு, செக்ரோலையும் தோட்டக் கந்தோரையும் அறிந்தவருக்குப் புதிதன்று. ஆயின் ஒப்புமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் ஆகாது. எந்தக் கருவி கேட்டதோ அந்தக் கருவிக்கே மறுமொழியைச் சேர்ப்பிக்கும் அட்டவணையொன்றை ரவுட்டர் பேணுகிறது. மாணவிக்கு வந்த பாடம் கங்காணியின் தொலைபேசிக்குச் செல்வதில்லை. முகவரிப் பற்றாக்குறையைத் தீர்க்க எழுந்த ஏற்பாடு அது. தோட்டத்திலோ முகவரிக்குப் பற்றாக்குறை இருந்ததில்லை. லயத்துக்கும் காம்பிராவுக்கும் எண் இடுவதற்கு ஒரு வாளி சுண்ணாம்பே போதும். முகவரி வழங்குவது வதிவுரிமையை ஏற்பதாகும் என்பதாலேயே அது வழங்கப்படாதிருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

6. கூரை எவருடையது?

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை இருமுறை கைமாறியபோதும் லயத்தின் நிலம் அதில் வாழ்வோருக்கு உரியதாகவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்கு உள்ளூராட்சிப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்து, 2018இலேயே திருத்தப்பட்டது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் அமைக்கப்பட்டு வருவதும், இந்திய உதவி வீட்டுத் திட்டங்களும் வரவேற்கத்தக்கவை. தனிவீட்டில் மின்மானி உண்டு. உறுதி உரியமுறையில் கையளிக்கப்படுமாயின் முகவரியும் உண்டு. எனினும் லயங்களில் வாழ்வோர் தொகைக்கு இவை போதியனவாக இல்லை.

2022இல் நாடு வங்குரோத்து நிலையடைந்தபோது, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நிற்கும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கையில் தொடங்கியபோது, கோபுரமும் கம்பியும் எட்டாத மலைகளுக்கு இது தீர்வாகும் எனப் பலர் கூறினர். வானிலிருந்து நேரே இறங்கும் இணைப்பு அது. மலை அதற்குத் தடையன்று. ஆயின் அதன் ஏற்பித் தட்டை வானம் தடையின்றித் தெரியும் இடத்தில், பெரும்பாலும் கூரையின் மேல், பொருத்துதல் வேண்டும். லயத்தின் கூரை எவருடையது? ஓர் ஆணி அடிப்பதற்கு எவரிடம் அனுமதி கேட்பது? தகரவில்லைக் காலத்திலிருந்து இன்றுவரை தொழில்நுட்பம் எத்தனையோ படிகள் ஏறியுள்ளது. ஒவ்வொரு படியிலும் இதே வினா குறுக்கே நிற்கிறது.

சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்றும், தெளிவத்தை ஜோசப் தமது சிறுகதைத் தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்றும் தலைப்பிட்டமை தற்செயலானதன்று. வீடும் நாடும் ஒருங்கே மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் நனவு அத்தலைப்புகளில் வெளிப்பட்டது. அச்சமூகத்தின் இளந்தலைமுறை இன்று அலைவழியாக உலகோடு இணைகிறது. தோட்டத்து வாயிலும் கந்தோரின் தபாற்பையும் அதனை மறிக்க இயலா. இது உண்மையான முன்னேற்றம், குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. பிரெக்ட் வேண்டிய மறுமொழி கூறும் ஆற்றலை லயம் முதன்முறையாகப் பெற்றுள்ளது. 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்ற, மலையக மக்களின் இருநூற்றாண்டை நினைவுகூர்ந்த நடைபயணத்தின் காட்சிகளும் கோரிக்கைகளும் இக்கைத்தொலைபேசிகளின் வழியாகவே தோட்டந்தோறும் சென்றடைந்தமை இதற்குச் சான்று. காணி, வீடு, முகவரி ஆகியவற்றுக்கான கோரிக்கை அன்று மூதாதையர் நடந்துவந்த பாதையிலேயே மீளவும் ஒலித்தது.

எனினும் அடிப்படை மாறாதவிடத்து இணைப்பு மட்டும் வீட்டை உண்டாக்கிவிடாது. மலையகத்துக்கான இணையத் திட்டம் கோபுரங்களின் தொகையோடு நின்றுவிடாமல் காணியுறுதி, வீட்டு இலக்கம், தனி மின்மானி ஆகியவற்றோடு ஒன்றாகவே வகுக்கப்பட வேண்டும். அத்துடன், புதிய தனிவீடுகள் எழும்போது, மூன்று குடும்பங்கள் ஒரு பெட்டியைப் பகிர்ந்த அந்த ஒழுங்கும் கலைந்துபோக வேண்டுமென்பதில்லை. தோட்டப் பாடசாலையையோ வாசிகசாலையையோ மையமாகக் கொண்டு, குடியிருப்பாளர் கூட்டாக நடத்தும் மலிவான வலையமைப்பாக அது வளர்தல் கூடும். நெருக்கடியில் பிறந்த பகிர்வு, உரிமையின்மேல் நிற்கும் பகிர்வாக மாறுவதற்கு அதுவே வழி.

நாம் கண்ட லயத்து மாணவியின் மடிக்கணினிக்கு ரவுட்டர் நொடிப்பொழுதில் ஒரு முகவரியை வழங்கிற்று. அம்மாணவிக்குரிய பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் நாளை தபாலில் வருமாயின், அது இன்னும் தோட்டக் கந்தோருக்கே செல்லும்.